குமாரவேல் கையில் இருந்த கரண்ட்

கம்ப்யூட்டருக்கு ஒரு ஹார்டு டிஸ்க் தெரியவில்லை என்றால் பத்தில் எட்டுத் தடவை ஒயரை மாற்றினாலே சரியாகிவிடும். நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஸார். எனக்கு முதல் என்றால் அதுதான் முதல்.

ஒயர் நன்றாக இருந்தால், பெட்டியின் முன்பக்கத் துளையிலிருந்து பிடுங்கிப் பின்பக்கத் துளையில் செருகிப் பார்க்க வேண்டும். சில பெட்டிகளில் முன்பக்கம் வரும் மின்சாரம் டிஸ்குக்குப் போதாது. விளக்கு எரியும், உள்ளே தட்டு சுற்றப் பார்க்கும், டிக் டிக் என்று நின்றுவிடும். அதுவும் இல்லையென்றால், கம்ப்யூட்டர் அந்த டிஸ்குக்கு ஓர் எழுத்துக் கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்து சேரும் ஒவ்வொரு டிஸ்குக்கும் அது ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுக்கும். எழுத்தைப் பறித்துவிட்டால் டிஸ்க் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒயரில் குறையில்லை, விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் அதற்குப் பெயரே கிடையாது.

பதினோரு வருஷமாகச் சின்ன காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஹயக்ரீவன் என்று பெயர் சொன்னால் ஊரில் தெரியும். ஒருவரிடமும் நான் அதிர்ந்து பேசியதில்லை.

பிள்ளையார்பாளையத்தில் பூவராகவன் நடத்தும் டிசைன் சென்டர் என் பழைய வாடிக்கை. பட்டுப் புடவையின் பார்டருக்கும் முந்திக்கும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து, தறிக்கான அட்டையில் துளை போட்டுக் கொடுக்கும் இடம். ஆறு வருஷத்து டிசைன்கள் மொத்தமும் ஒரே ஹார்டு டிஸ்கில் இருந்தன. சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. அது தெரியாமல் போனால் எனக்குப் போன் வரும். நான் போனதும் எல்லோரும் எழுந்து நின்று இடம் விடுவார்கள். தறிச் சத்தம் பக்கத்து வீடுகளிலிருந்து கேட்கும், இந்த அறை மட்டும் அமைதியாக இருக்கும். நான் குனிந்து ஒயரைத் தொடும்போது அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். உங்களுக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படாது. நீங்கள் உள்ளே வந்தால் ஸ்டேஷனில் தினமும் எழுந்து நிற்கிறார்கள்.

போன வருஷம், 2007 மார்ச்சில், ஒரு திங்கட்கிழமை போன் வந்தது. கல்யாண ஆர்டர் ஒன்று அவசரமாகக் காத்திருந்தது. நான் போய் டிஸ்கைக் காதருகே வைத்துக் கேட்டேன். டிக் டிக் சத்தம். அன்று எனக்குத் தலைவலி. உள்ளே அடிபட்டிருக்கலாம், சென்னைக்குத்தான் எடுத்துப் போக வேண்டும், மூன்று நாள் ஆகும் என்றேன். பூவராகவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் குமாரவேல் வந்தார். அங்கே டிசைன் வரைகிறவர், முப்பது வயதிருக்கும். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் பாதி கடித்த பஜ்ஜி. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து ஒயரைப் பிடுங்கிப் பின்பக்கம் செருகினார். கம்ப்யூட்டரிலிருந்து டொட்டிங் என்று சத்தம் வந்தது. ஆறு வருஷத்து டிசைன்களும் திரையில் வரிசையாக வந்து நின்றன.

"முன்னாடி ஓட்டைல கரண்ட்டு பத்தல போலக்குது சார்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். "சார் வெயில்ல வந்துக்கினு இருக்காரு, மொதல்ல ஒக்கார வைங்கபா," என்று சொல்லி எனக்கும் ஒரு பஜ்ஜி நீட்டினார். நான் வாங்கிச் சாப்பிட்டேன். வாழைக்காய் பஜ்ஜி. நன்றாகவே இருந்தது.

அடுத்த தடவை போனபோது யாரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு நான் செய்தது ஒரே ஒரு வரி. அந்தக் கம்ப்யூட்டரில் ஒவ்வொருவரும் அவரவர் பெயரில்தான் உள்ளே நுழைவார்கள். குமாரவேல் தன் பெயரில் நுழைந்தால் டிஸ்கின் எழுத்து பறிபோகும்படி அவர் கணக்கில் ஒரு வரி எழுதினேன். மற்றவர்கள் நுழைந்தால் எழுத்து திரும்பி வரும்படி அவர்கள் கணக்கில் இன்னொரு வரி. டிஸ்குக்கு ஒரு சேதமும் இல்லை. ஒரு டிசைன்கூட அழியவில்லை. அதில் நான் கவனமாக இருந்தேன்.

குமாரவேல் பின்பக்கம் செருகிப் பார்த்தார், ஒயர் மாற்றிப் பார்த்தார், மூன்று நாள் போராடினார். பிறகு எனக்குப் போன் வந்தது. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. "கடைசியாகத் தொட்டது யார்?" என்று மட்டும் கேட்டேன். இரண்டாவது தடவையும் அதையே கேட்டேன். மூன்றாவது தடவை நான் கேட்பதற்கு முன்பே, அங்கே வேலை பார்க்கும் ஸௌம்யா சொல்லிவிட்டாள். எங்கள் தெருப் பெண்தான், என்னை மாமா என்று கூப்பிடுவாள்.

"மாமா, குமாரவேல் ஸார் உக்காந்தா மட்டும்தான் தெரியலை. நான் உக்காந்தா தெரியறது."

"அப்படியா?" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் மாதம் பூவராகவன் எல்லோரையும் நிற்க வைத்துச் சோதனை செய்யச் சொன்னார். அதற்காக நான் ஓர் ஒயர் தயார் செய்து வைத்திருந்தேன். ஒயருக்குள் நான்கு கம்பி ஓடும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. தகவல் கம்பிகளை நறுக்கிவிட்டால் விளக்கு எரியும், தட்டு சுற்றும், கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. பார்வைக்கு இரண்டு ஒயரும் ஒன்றுதான். பூவராகவன் செருகினார், தெரிந்தது. ஸௌம்யா செருகினாள், தெரிந்தது. அட்டை போடும் பழனி செருகினார், பெருக்க வந்த அம்மாகூடச் செருகினார், தெரிந்தது. குமாரவேலிடம் நான் நறுக்கிய ஒயரை நீட்டினேன். தெரியவில்லை.

"இன்னா குமாரவேலு, உன் கை இன்னா கையிபா?" என்றார் பூவராகவன்.

உடம்பில் நிலைமின்சாரம் சேர்வது உண்மை. எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. "மார்கழியில் கம்பளியை உதறினால் பட்பட்டென்று பொறி பறக்குமா?" என்று கேட்டேன்.

"பறக்கும் சார்," என்றார் குமாரவேல். முகம் வெளுத்துவிட்டது.

எல்லோருக்கும் பறக்கும். ஆனால் மற்றவர்களை நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்தவற்றில் பாதிக்கு நான் பொறுப்பில்லை. செருப்பில்லாமல் வரச் சொன்னது நான். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போடச் சொன்னது பூவராகவன். கணுக்காலில் செம்புக் கம்பி கட்டி ஜன்னல் கிராதியில் முடிந்துகொண்டது குமாரவேலின் சொந்த யோசனை. கம்பியை அவிழ்க்க மறந்து டீக்கடைக்குப் போனார், ஜன்னல் கிராதி கூடவே வந்தது. பூவராகவன் யாரையோ கேட்டு டிஸ்குக்கு எலுமிச்சம்பழம் சுற்றி, மேலே குங்குமம் வைக்கப் போனார். நான்தான் தடுத்தேன். அதன் பக்கவாட்டில் காற்றுப் போகச் சின்னச் சின்னத் துளைகள் உண்டு, குங்குமம் உள்ளே போனால் கெட்டுவிடும். தொழில் என்று வந்தால் எனக்கு அதில் சமரசம் கிடையாது.

கடைசியில் குமாரவேல் ஆறடி தள்ளி நின்று சொல்ல, ஸௌம்யா வரைந்தாள். "எடது பக்கம் ரெண்டு கட்டம், மேல ஒண்ணு. இல்லமா, அன்னத்தோட மூக்கு அது, கொஞ்சம் கீழ." ஒரு அன்னத்துக்கு ஒரு நாள் ஆயிற்று. நான் போனால் எல்லோரும் எழுந்து நின்றார்கள். முதலில் எழுந்தவர் குமாரவேல்.

அத்துடன் நிறுத்தியிருப்பேன். நிற்காமல் போனதற்குக் காரணம் என் இரக்கம்.

அவர் மனைவி ஜீவிதா, தென்னேரிப் பெண். செப்டம்பரில் வளைகாப்பு முடிந்து அவளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு, அங்கே ஏரியில் ஒரு முழுக்குப் போட்டு, ஈரத் தலையோடு நேராக வேலைக்கு வந்திருந்தார் குமாரவேல். கண்ணுக்கடியில் கறுப்பு விழுந்திருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. அன்று வேறொரு வேலையாக நான் அங்கே இருந்தேன். ஒரு நாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று அந்த வரியை எடுத்துவிட்டேன். அவர் தயங்கித் தயங்கித் தன் பெயரில் நுழைந்தார். டிஸ்க் தெரிந்தது.

அவர் என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் கும்பிட்டார். "ஏரித் தண்ணி கரண்ட்ட இழுத்துக்குமா சார்?"

"தண்ணீர் நன்றாகவே மின்சாரத்தைக் கடத்தும்," என்றேன். அதிலும் பொய் இல்லை.

மறுநாளிலிருந்து அவர் முதல் பஸ்ஸில் வாலாஜாபாத் வழியாகத் தென்னேரி போய், ஏரியில் நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் வேலைக்கு வர ஆரம்பித்தார். இவ்வளவு சிரமப்படுகிறவருக்கு ஒரு பலனும் இல்லையென்றால் நன்றாக இருக்காது. அதனால் வரியைக் கொஞ்சம் திருத்தித் திரும்பப் போட்டேன். சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. எந்த நாள் என்பதைக் கம்ப்யூட்டரே சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி முடிவு செய்யும். எனக்கே தெரியாது. அதைவிட நியாயமாக ஒருவர் இருக்க முடியாது.

குமாரவேல் ஒரு நோட்டுப் போட்டார். முழங்கால், இல்லை. இடுப்பு, இருக்குது. இடுப்பு, இல்லை. மார்பு, இருக்குது. மார்பு, இருக்குது. மார்பு, இல்லை. பதினாறு பக்கம். ஐப்பசியில் ஒரு நாள் அதை என் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே வராமல், கம்ப்யூட்டர்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து மாடிப்படியிலேயே நின்றார். நான் வெளியே போய் வாங்கி எல்லாப் பக்கத்தையும் படித்தேன். கையெழுத்து அச்சுப் போல இருந்தது.

"கழுத்து வரைக்கும் நின்று பார்த்தீர்களா?" என்று கேட்டேன். கேள்விதான். நிற்கச் சொல்லவில்லை.

நோட்டை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். "இன்னொண்ணு சார். கொழந்த பொறந்துருக்குது. பொண்ணு. இன்னும் தூக்கல. டிஸ்க்குல இருக்குற நெனப்பையே என் கை அழிக்குதுன்னா, கொழந்த மூளையும் அந்த மாதிரிதானே. ஒண்ணும் ஆவாதில்ல?"

இந்த இடத்தில் நீங்கள் என்னிடம் இரண்டு தடவை கேட்டீர்கள், நான் என்ன பதில் சொன்னேன் என்று. எழுதிவிடுகிறேன். "சொல்ல முடியாது," என்றேன். நான் டாக்டர் இல்லை. தெரியாத விஷயத்தில் உறுதி கொடுப்பது எனக்குப் பழக்கமில்லை.

பெயர் வைத்த அன்று எல்லா அப்பாக்களும் பிள்ளையின் காதில்தான் பெயர் சொல்வார்கள். குமாரவேல் வாசலுக்கு வெளியே நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூன்று தடவை கத்திச் சொன்னாராம். குழந்தை பயந்து அழுதது. வந்தவர்கள் சிரித்தார்கள். ஜீவிதா சிரிக்கவில்லை.

கார்த்திகையில் மழை கொட்டி ஏரி நிரம்பியிருந்தது. குமாரவேலுக்கு நீச்சல் தெரியாது. அது எனக்குத் தெரியும். முன்பு ஒரு நாள் அவரே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அவர் கழுத்து வரை இறங்கிய காலையில் கால் சறுக்கியது. மாமனார் தர்மன் மாட்டைக் கழுவ வந்தவர், தண்ணீருக்கு மேலே ஒரு ரப்பர் கையுறை மட்டும் தெரிவதைப் பார்த்துக் குதித்து இழுத்துப் போட்டார். மூன்று வாரம் காய்ச்சல். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த மூன்று வாரத்தில்தான் ஸௌம்யா கண்டுபிடித்தாள். அவசரமாக ஒரு டிசைன் வேண்டியிருந்ததால் குமாரவேல் பெயரில் அவள் நுழைந்தாள். டிஸ்க் தெரியவில்லை. ஆள் இருப்பதோ தென்னேரியில், கட்டிலில். அவர் நாற்காலியில் மிச்சம் இருக்கும் என்று சொல்லிப் பூவராகவன் நாற்காலியை மாற்றினார். மறுபடியும் தெரியவில்லை. "அவன் பேர்லயே எறங்கிடுச்சா சார் கரண்ட்டு?" என்று பூவராகவன் எனக்குப் போன் செய்து கேட்டார்.

"இருக்கலாம்," என்றேன்.

ஸௌம்யா ஏற்கவில்லை. "பேர்ல எப்படி மாமா கரண்ட் இருக்கும்?" என்று போனைப் பிடுங்கிக் கேட்டாள். அவள் இரண்டு நாள் தேடி அந்த வரியையும், அதை எழுதிய தேதியையும், எந்தக் கணக்கிலிருந்து எழுதப்பட்டது என்பதையும் எடுத்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண். என்னிடம் வேலைக்கு வந்திருந்தால் நன்றாக வந்திருப்பாள்.

ஜீவிதா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். கத்தவில்லை. "எங்கூட்டுக்காரரு உங்களுக்கு இன்னா பண்ணாரு சார்?" என்று மட்டும் கேட்டாள். பஜ்ஜி கொடுத்தார் என்று சொல்ல முடியாது. அவள் நேராக உங்களிடம் வந்தாள்.

என்ன பிரிவில் வழக்குப் போடுவது என்று நீங்களும் உங்கள் ரைட்டரும் ஒரு மணி நேரம் புத்தகத்தைப் புரட்டினீர்கள். திருட்டு இல்லை, டிஸ்க் அங்கேயே இருக்கிறது. அடிதடி இல்லை, நான் அவரைத் தொட்டதே இல்லை. ஏரியில் தள்ளவும் இல்லை. வழக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்த ஆளிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றீர்கள். சொன்னேன். தென்னேரியில், தர்மன் வீட்டுக் கட்டிலருகே உட்கார்ந்து, ஒரு வரி, ஓர் ஒயர், எல்லாவற்றையும் சொன்னேன்.

குமாரவேல் கேட்டுவிட்டு மெதுவாகச் சிரித்தார். "எனக்காவ உங்க மேல பழியப் போட்டுக்கிறீங்க சார். இந்த மனசு யாருக்கு வரும்?"

அதனால்தான் போன வெள்ளிக்கிழமை நீங்களே ஏற்பாடு செய்து எல்லோரையும் டிசைன் சென்டரில் கூட்டினீர்கள். ஒரு கான்ஸ்டபிளும் வந்திருந்தார். வரிகளை எல்லோர் கண்முன்னும் அழித்தேன். ஒயர் புதிது, கடையில் அப்போதுதான் வாங்கியது. குமாரவேலைத் தன் பெயரில் நுழையச் சொல்லி, கையுறையைக் கழற்றச் சொன்னோம். பல மாதம் உறைக்குள் கிடந்த கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஒயரைத் துளையில் வைத்தார்.

சத்தம் வரவில்லை.

அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஒயர் பாதிதான் உள்ளே போயிருக்கிறது என்று ஸௌம்யா சொல்லி ஒரு விரலால் அழுத்தினாள். டொட்டிங்.

"பாத்தீங்களா," என்றார் குமாரவேல். "அவங்க தொட்டாத்தான்."

ஜீவிதா அப்போது யாரையும் கேட்கவில்லை. எழுந்து வந்து, குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள். குமாரவேல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். கான்ஸ்டபிள் பயந்து, "யாரும் உன்ன ஒண்ணும் பண்ணலபா, கைய எறக்கு," என்றார். கை இறங்கவில்லை. குழந்தை நெளிந்தது. மடியில் பிடிமானமில்லாமல் சரிந்தது. தலை கீழே போவதற்கு ஒரு கணம் முன்னால் குமாரவேலின் இரண்டு கையும் இறங்கி அதைப் பிடித்தன.

பிடித்தவர் விடவில்லை. குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது, பொக்கை வாயால் சிரித்தது, மூக்கைப் பிடித்து இழுத்தது. அவர் அதன் உள்ளங்கை, உள்ளங்கால், உச்சந்தலை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அழுதார். பூவராகவன் அழுதார். ஸௌம்யா அழுதாள். பழனி வெளியே போய்விட்டார். சனிக்கிழமையிலிருந்து குமாரவேல் வேலைக்கு வருகிறார் என்றும், வெறும் கையால் வரைகிறார் என்றும், குழந்தையை இறக்கியே விடுவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். நல்லது.

அதனால் இதை எழுதுவதில் எனக்குச் சங்கடம் ஏதுமில்லை. வரியை எழுதியது நான். ஒயரை நறுக்கியது நான். கழுத்து வரை என்று கேட்டதும், சொல்ல முடியாது என்று சொன்னதும் நான். அவர் ஏரியில் போயிருந்தால் அதற்கும் நான்தான் காரணமாக இருந்திருப்பேன். இதை யாரும் என்னை வற்புறுத்தி எழுத வைக்கவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் நிறைய யோசித்தேன். வரி இல்லை. ஒயர் புதிது. ஆனாலும் அவர் தொட்டபோது டிஸ்க் தெரியவில்லை. பாதிதான் போயிருந்தது என்கிறார்கள். பத்து வருஷம் கட்டம் போட்ட கை ஏன் பாதியில் நிற்க வேண்டும்? அன்று சாயந்திரம் அந்தக் குழந்தை இரண்டு தடவை இருமியதாகவும் கேள்வி. முதலிலேயே எனக்கு ஏதோ பட்டிருக்கிறது. அது இன்னதென்று புரியாமல் அவசரப்பட்டு நானே ஒரு வரி எழுதிவிட்டேன், அவ்வளவுதான் என் பிழை.

குமாரவேல் நாளை கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்கு வருவார் என்று ரைட்டர் சொன்னார். உங்கள் மேசையில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, ஸார். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இருந்தாலும், அவரைக் கொஞ்சம் தள்ளியே உட்கார வையுங்கள்.